முட்டி போட முடியாதவர்கள்

வெள்ளைக் கல் பாதையின் தொடக்கத்தில் வேம்புலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகியபோதே ஜெகதீசன் சுற்றுமுற்றும் பார்த்தான். அம்மா எதையாவது செய்யப்போகிறாள் என்றால் முதலில் முந்தானையைத்தான் செருகுவாள்.

போர்ச்சுகலில், பாத்திமா மாதா கோயிலின் பெரிய திடல் அது. பாதை மெல்லச் சரிந்து, மாதா காட்சி கொடுத்த இடத்தில் கட்டிய சிறிய கோயில் வரை போகிறது. வேண்டிக்கொண்டவர்கள் அதில் முழங்காலாலேயே நடந்து போகிறார்கள்.

மருமகள் ஆக்னஸுக்கு அப்படி ஒரு வேண்டுதல் இருந்தது. லிஸ்பனில் மூன்று மாதம் வேலை என்று கம்பெனி ஜெகதீசனை அனுப்பியதும் அவள் முதலில் கேட்டதே இந்த இடத்தைத்தான். ஆனால் இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"வயித்துல சுமந்துகினு கீற, நீ எப்பிடி முட்டி போடுவே? உன் வேண்டுதல நான் முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள் மாமியார்.

எதற்கு வேண்டிக்கொண்டாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் தங்கியிருக்கிற பிள்ளை. வேறு எதற்கு ஒரு பெண் மாதாவிடம் போய் நிற்பாள்?

"நான் வேணா போறேனே" என்று ஜெகதீசன் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், வேம்புலியம்மாளாலும் முட்டி போட முடியாது. போன வருடம்தான் முகப்பேர் ஆஸ்பத்திரியில் இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்றி வைத்திருந்தார்கள்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? பட்டாபிராமில் ஆடி தவறாமல் அம்மன் கோயிலை உருண்டு சுற்றிய உடம்பு. கைப்பையை மகனிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு கல்லில் படுத்தாள்.

"தாயே" என்று உருண்டாள்.

எந்தத் தாய் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பாதையின் சரிவு வேறு கைகொடுத்தது. மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு காவலர் ஓடிவந்தார். "வேண்டுதல் நைனா, ஓரமா போ" என்றாள், உருளுவதை நிறுத்தாமல்.

அவருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூடவே நடந்தார்.

முழங்காலில் வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் நகர்ந்து வழிவிட்டாள். மகன் மட்டும் பையை அணைத்துக்கொண்டு, யாருடைய அம்மாவோ என்பதுபோல நாலடி தள்ளி வந்தான்.

ஆக்னஸ் மாமியாரின் பக்கத்திலேயே வந்தாள், புடவை விலகும்போதெல்லாம் மெல்லக் குனிந்து இழுத்துவிட்டபடி. கல்யாணமான புதிதில் இதே மருமகளை வேம்புலியம்மாள் வாசற்படி ஏறவிட்டதில்லை. பிறகு மாமியாருக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது கஞ்சி வைத்துக் கொடுக்க வந்தவள் ஆக்னஸ்தான். கஞ்சியோடு கோபமும் கரைந்துபோனது.

சிறிய கோயிலின் வாசலில் வேம்புலியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. முகமெல்லாம் சிரிப்பு. காவலர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"உன் புள்ள இனி நல்லபடியா பொறக்கும், போ" என்றாள் மருமகளிடம்.

ஆக்னஸ் அவள் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

"புள்ளைக்கு வேளாங்கண்ணியில வேண்டிகினேன், அத்தே. இது உங்களுக்கு. நீங்க பதினேழு நாள் ஐசியூல கெடந்தீங்களே, அப்போ."

அந்தப் பதினேழு நாளில் எதுவும் வேம்புலியம்மாளுக்கு நினைவில்லை. நினைவு தப்புவதற்கு முன் மகனிடம் கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

ஆக்னஸின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து முந்தானையை மறுபடி இழுத்துச் செருகினாள்.

"என்னிய தூக்கிவுட்றா, திரும்ப மேல போவணும். இப்போ உருண்டது அத்தினியும் புள்ளைய நெனச்சுகினு உருண்டது. இவ வேண்டுதல் அப்பிடியே கீது."

காவலர் தொப்பியைக் கழற்றினார்.