ஏறாத பயணி

பச்சைப் புள்ளி மறுபடியும் நின்றுவிட்டது.

“பாரு, அதே ஸ்டாப். ஆணி அடிச்ச மாதிரி நிக்குது,” என்று போனை மனைவியிடம் நீட்டினார் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்.

“கட்டின பொண்டாட்டியை ஒருநாளாவது இப்படி உத்துப் பார்த்திருக்கீங்களா?” என்றாள் அவள்.

பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்கும் வசதி வந்ததிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்தான். தினமும் முந்தின ஸ்டாப்பில் பஸ் காரணமில்லாமல் நிற்கும். தினமும் அவர் கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மறுநாள் காலை, கையும் களவுமாகப் பிடிப்பதென்று அந்த ஸ்டாப்புக்கே நடந்தார்.

ஒரே பனி. அணைக்காத தெருவிளக்குகள் பால் நிறத்தில் மிதந்தன. தான் நடக்கிறோமா, தெரு நகர்கிறதா என்றே தெரியவில்லை.

ஸ்டாப்பில் ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். குருவிக்குஞ்சை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் போனை வைத்திருந்தார்.

பனிக்குள்ளிருந்து படகு மாதிரி வந்து நின்றது பஸ். கதவு திறந்தது. டிரைவர் ஒரு இளம்பெண்.

“பனி கொட்டுது. ஏறுங்கப்பா,” என்றாள்.

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். பஸ்ஸுக்குள் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மெல்லக் கதவை மூடினாள்.

கண்ணாடிக்காரர் வீடியோ எடுத்த மும்முரத்தில் பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.

“ஏறாத ஆளுக்கு எதுக்குங்க தினமும் நிறுத்தறாங்க? அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.” வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று வந்தது பதில்.

“இன்னிக்குப் புகார் அனுப்பறேன். வேலையே போகும்.”

“போகட்டும். பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டியரிங் எதுக்கு? படிச்சுப் படிச்சு சொன்னாலும் கேக்கறதில்லை.”

‘சரியான பழைய பஞ்சாங்கம்’ என்று நினைத்தபடி கண்ணாடிக்காரர் புகாரை எழுதினார். வீடியோவையும் சேர்த்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. திரும்பினார்.

பெரியவரின் போனிலும் அதே வரைபடம். அதே பச்சைப் புள்ளி. பனிக்குள் ஊர்வதுபோல் மெதுவாக ஊர்ந்தது. பெரியவரின் விரல் அதைத் தொடாமல், கூடவே நகர்ந்தது.

“பார்த்து... பாலத்துல வழுக்கும்... அவசரம் வேண்டாம்...”

புள்ளி பாலத்தைக் கடந்தது. பெரியவர் பெருமூச்சு விட்டார்.

“பாலம் இறங்கிட்டா எம்பொண்ணு,” என்றார், பக்கத்தில் ஆள் இருப்பதையே மறந்து.

கண்ணாடிக்காரர் தன் போனிலும் வரைபடத்தைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் தொண்டையைச் செருமினார். கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார், குரல் கேட்டுவிட்டது.

“அந்தப் புகாரு... அனுப்பிட்டீங்களா?”

இருவர் கையிலும் புள்ளி தெளிவாக நகர்ந்துகொண்டிருந்தது.

“எங்கேங்க? இந்தப் பனியில நெட்டே கிடைக்கலை,” என்றார் கண்ணாடிக்காரர்.