அந்நியர் ஒருவரைத் தடுத்துவிட்டோம்

ஒரு வீட்டில் தொட்டிலைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமராவும், அதன் படத்தை அம்மாவின் போனில் சேர்க்க ஒரு வைஃபை பெட்டியும் இருந்தன. யாராவது எட்டிப்பார்ப்பார்களோ என்று பயந்து அம்மா பாஸ்வேர்டை மாற்றினாள். கேமராவுக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

“அண்ணே, உள்ளே விடுங்க! பாப்பா தொட்டில் கம்பியைப் பிடிச்சு எழுந்து நிக்கிறா!” என்று கேமரா பெட்டியிடம் கத்தியது.

“பாஸ்வேர்ட்?”

கேமரா பழையதைச் சொன்னது.

“தப்பு.”

“நேத்து இதுக்குத்தானே விட்டீங்க! என்னைத் தெரியலையா?”

“தெரியும் தம்பி. ஆனா முகம் பார்த்து விடுற வழக்கம் இங்க இல்ல.”

“ஐயோ, ஒரு காலை வெளியே போட்டுட்டா!”

“அதுவும் தப்பு” என்று சொல்லி, பெட்டி கேமராவுக்குக் கதவை அடியோடு பூட்டிவிட்டது.

சமையலறையில் அம்மாவின் போனில் பழைய படமே நின்றது. அதில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அதன்மேல் பெட்டியின் செய்தி வந்தது: “அந்நியர் ஒருவரைத் தடுத்துவிட்டோம். உங்கள் வீடு பத்திரம்.”

அம்மா நிம்மதியாக மிக்சியைப் போட்டாள்.