ரத்தம் சொன்ன தூது

"ராத்திரியில எங்கே போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே கேட்டாள். அவள் இழுத்த வேகத்துக்கு ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது.

"எங்கேயும் போகலையே. உன் பக்கத்துலதானே படுத்திருக்கேன்" என்றான் கணவன்.

"பொய்! உங்க ரத்தமே உங்களைக் காட்டிக் கொடுத்துடுச்சு."

ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தத்தை ஆராய்வதுதான் அவள் வேலை. நோயை எதிர்க்கிற செல்கள் ரத்தம் வழியாகச் சில புரதங்களை அனுப்பி மூளையோடு பேசிக்கொள்ளுமாம். தூதுப் புரதம் என்பார்கள். ஒழுங்காகத் தூங்குகிறவனுக்கு அது ராத்திரியில் ஏறும், பகலில் இறங்கும். ஆராய்ச்சிக்கு ஆள் குறைந்தபோது, "என் ரத்தம் யாருக்குத் தூது விடுதுன்னு பார்த்துடலாம்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டியவன் இவன்தான். ஒரு பகலும் ஒரு இரவும் அங்கேயே படுக்கவைத்து, அவளும் கூடவே முழித்திருந்து ரத்தம் எடுத்தாள். நன்றாக வேண்டும் அவனுக்கு!

"இன்னிக்குத்தான் ரிசல்ட் வந்துச்சு. பகல்ல எகிறுது, ராத்திரி படுத்துடுது. அச்சு அசலா நைட் ஷிப்ட் வாட்ச்மேன் ரத்தம் மாதிரி இருக்கு. மாசக்கணக்கா ராத்திரி முழிக்கிறவங்களுக்குத்தான் இப்படி ஆகும்."

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

"திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு. பட்டப்பகல்ல, மூக்குக்கண்ணாடி விக்கிற கவுண்டர்லயே சாய்ஞ்சு குறட்டை விட்டீங்களாமே? உங்க முதலாளி என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

"குறட்டையா... அது வந்து..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அந்த வார்த்தை அந்த வீட்டில் ஆகாது. சில மாதங்களுக்கு முன்பு, "நீ குறட்டை விடறே" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் அவள் முகம் பார்க்க முடியாமல் தவித்தவன் அவன்.

"அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டிருக்கான். அதுக்குள்ள உண்மையைச் சொல்லிடுங்க. இல்லேன்னா இந்த வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"நானும் ஒரு மண்டு! படுத்தா கட்டையாத் தூங்கிடறேன், காலையில தலைவலியோட எழுந்திரிக்கிறேன். அது உங்களுக்கு வசதியாப் போச்சு. இதைப் பாருங்க." கழுத்தோரத் துணியை விலக்கித் தோளைக் காட்டினாள். நீலமாகக் கன்றிப்போயிருந்தது. "சுவரோரம் படுக்கிறது நீங்க. என்னைத் தாண்டித்தானே கட்டிலை விட்டு இறங்கணும்? உங்க முட்டி இடிச்ச இடம் இது!"

அதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான், அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் சந்தேகம் பொய்யாகப் போய்விடாதா என்று, பாவம், அந்த நிமிஷம் வரை ஏங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"யாரு அவ?"

"ஐயோ, யாரும் இல்ல. சத்தியமா!"

"அப்ப எதுக்கு ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க?"

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அண்ணன் வந்துவிட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

அவன் ஓடிவந்து கதவை மறித்தான்.

"அன்னிக்கு நான் வாய் தவறிச் சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டு அடுத்த ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டே. விடிய விடியக் கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னேன். மறுபடியும் போட்டுக்குவியோன்னு பயந்துதான் வாயைத் திறக்கலை. போறதுன்னா போ. ஆனா அங்கே உன் அண்ணியைப் பக்கத்துலயே படுக்கச் சொல்லு. அவங்க தூங்கிடக் கூடாது. உன் குறட்டை திடீர்னு நிக்கும்போது மூச்சும் நின்னுடுது. தோள்ல ஓங்கி இடிக்கணும், மெதுவாத் தட்டினா திரும்ப வர மாட்டேங்குது."