விலாசம் தெரிந்தவர்கள்

மூன்றாவது குத்தில் குமாஸ்தாவின் கடைவாய்ப் பல் தெறித்துத் தரையில் விழுந்தது. நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அவரால் வாயைக்கூடத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"சாட்சி சொல்லப்போற அந்தப் பொம்பளையை உங்க அரசாங்க ஆபீஸ் எங்கே ஒளிச்சு வெச்சிருக்கு? விலாசத்தைச் சொல்லிட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேருய்யா" என்றான் தடியன்.

"தெரியாது."

அவனோடு வந்திருந்த குள்ளன் அவருடைய சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். சுள்ளி முறிவதுபோல் சத்தம் கேட்டது. குமாஸ்தா அலறினார். விலாசம் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பெண்ணையும் அவளுடைய குழந்தைகளையும் இன்றைக்கே வெட்டிப் போட்டுவிடுவார்கள். விழுங்கிக்கொண்டார்.

"கொன்னாலும் சொல்ல மாட்டேன்டா!"

தடியன் சட்டென்று கட்டுகளை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தான்.

"பாஸாயிட்டீங்க சார்! நீங்க ரகசியம் காப்பீங்களான்னு சோதிச்சுப் பார்க்க உங்க ஆபீஸ்தான் எங்களைக் கன்சல்டன்ட்டா வெச்சிருக்கு. மனசுல வெச்சுக்காதீங்க."

குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"வலி தாங்காம நான் ஏதாவது பொய் விலாசத்தைச் சொல்லியிருந்தா என்னய்யா பண்ணியிருப்பீங்க?"

"எங்ககிட்ட அதெல்லாம் நடக்காது சார். சரிபார்த்துக்கிறதுக்காக நிஜ விலாசத்தை முதல்லயே எங்ககிட்ட கொடுத்துட்டாங்களே!"

குடித்த தண்ணீர் அவருக்குப் புரையேறியது.

"அப்போ... உங்களை யாருய்யா சோதிச்சாங்க?"

"எங்களை எதுக்கு சார் சோதிக்கணும்?" என்று சிரித்தான் குள்ளன். "நாங்க என்ன ஆபீஸ் ஆளுங்களா?"