பூசணிக் கொடிக்குப் பூட்டு

அன்று காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் இருந்தவர்கள் நாலரைப் பேர். பஸ் கண்டக்டர், அவர் மனைவி, எதிர் ஃபிளாட் டீச்சரம்மா, உரம் கொண்டுவந்த நர்சரிக்காரர். அரை ஆள், கண்டக்டரின் மச்சான். அவன் கையில் பையோடு கடைசிப் படியில் நின்றான். கதவைத் தாண்டி உள்ளே வர அவனுக்குத் தடை.

"எண்ணிக்கோங்க டீச்சரம்மா! போன வருஷம் சைபர். அதுக்கு முந்தின வருஷமும் சைபர். இந்த வருஷம் ஏழு! ஏழு பூசணிக்காய்!"

கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மழைக்கு வெண்டை, பனிக்குத் தக்காளியும் சாமந்தியும், வெயிலுக்குப் பூசணி என்று மூன்று வருஷமாகத் தொட்டி தூக்கியவர். மற்றதெல்லாம் பலன் தந்தது. பூசணி மட்டும் பூத்ததோடு சரி. இந்த வருஷம்தான் கண் திறந்தது. இன்று முதல் காயை அறுக்கப் போகிறார்.

"எப்படி சார் இது?"

"எல்லாம் என் உரம்தான். காய்கறித் தோல், முட்டை ஓடு, டீத்தூள். ஏழு நாள் ஊறணும்."

"ஊறுறது எங்க ஹால் வரைக்கும் தெரியுது" என்றார் டீச்சரம்மா, மூக்கைத் தொட்டபடி.

கண்டக்டர் சிரித்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இன்னும் இருபது காய்ச்சிருக்கும். வீட்டுக்குள்ளேயே ஒரு ஆடு மேய்ஞ்சா நான் என்ன பண்ண?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க" என்றாள் மனைவி.

மச்சானுக்கு முடி திருத்தும் தொழில். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அவன் கடையை இடித்துவிட்டார்கள். நாலு மாதமாக அக்கா வீட்டில்தான் இருந்தான்.

கண்டக்டருக்கு டிக்கெட் எண்ணிய பழக்கம். சாயங்காலம் மொட்டுகளை எண்ணுவார், காலையில் டியூட்டிக்குப் போகுமுன் விரிந்த பூவை எண்ணுவார். தினமும் மூன்று, நாலு குறைந்தது. ஒருநாள் விடிந்ததும் ஒளிந்து பார்த்தார். மச்சான் ஒரு பூவைப் பறித்து, இதழை உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"சும்மா மாமா."

"கத்திரி பிடிச்ச கை சும்மா இருக்காதோ? பூவுக்குமா முடி வெட்டுவே?"

அன்றைக்கே மாடிக் கதவுக்குப் பூட்டு ஏறியது. சாவி கண்டக்டரின் இடுப்பில். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. இன்று பத்து மணி பஸ்ஸில் மச்சான் கிளம்புகிறான். நண்பன் ஒருவனின் லாரி ஷெட்டில் படுத்துக்கொள்வானாம்.

"பூட்டுப் போட்டு இருபத்தாறு நாள் டீச்சரம்மா! நூத்துப் பதினெட்டுப் பூ! ஒண்ணுகூடக் குறையல!"

"ரெண்டு பூவுக்காகக் கூடப் பொறந்தவனைத் துரத்தினதுதான் மிச்சம்" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விடுக்கா. காயைப் பார்த்துட்டேன், போதும். வர்றேன் மாமா." மச்சான் படியிறங்கிவிட்டான்.

இலைகளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நர்சரிக்காரர் நிமிர்ந்தார். "சார், பூட்டுப் போட்டு எத்தனை நாள்னீங்க?"

"இருபத்தாறு."

"இந்த ஏழும் அதுக்கு முன்னாடி பிடிச்ச காய். அப்புறம் ஒரு பிஞ்சாவது நின்னுச்சா?"

கண்டக்டர் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது, கணக்கு இருக்கிறதே. பத்தொன்பது பிஞ்சு. பத்தொன்பதும் மஞ்சளாகி உதிர்ந்தன. "அதான் உரத்தைக் கூட்டியிருக்கேன்."

"உரத்துல ஒண்ணுமில்லை சார். இது எட்டாவது மாடி. ஒரு தேனீயாவது கண்ணுல படுதா? வெண்டை, தக்காளி தன்னாலே காய்க்கும். பூசணியில ஆண் பூ வேற, அடியில பிஞ்சோட விரியுற பெண் பூ வேற. தேனீ வராத இடத்துல தினமும் விடிஞ்சதும் ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுப் போட்டு, பெண் பூவுக்குள்ள பக்குவமாத் தடவணும். யாரோ அதைத்தான் பண்ணியிருக்காங்க."

மறுகணம் கண்டக்டர் படிக்கட்டில் இருந்தார். லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை. எட்டு மாடியையும் தடதடவென்று இறங்கி, கேட்டுக்கு வெளியே மச்சானின் பையை எட்டிப் பிடித்தார்.

"டேய்! ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"என்ன மாமா சொல்றது? முதல் பிஞ்சைப் பார்த்ததும் தெருவையே கூப்பிட்டு, 'என் உரம், என் உரம்'னு குதிச்சீங்க. மூணு வருஷத்துல உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனசு வரல."

கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது. இடுப்பிலிருந்து சாவியை உருவி அவன் கையில் திணித்தார்.

"பையை என்கிட்ட குடு, நீ ஓடு! வெயில் ஏறினா பூ மூடிடும்டா! இன்னிக்கு நாலு பெண் பூ விரிஞ்சிருக்கு!"

இருவரும் மேலே போய்ச் சேர்வதற்குள் ஒன்று மூடிவிட்டது. மிச்சம் மூன்று.