சுத்தமான மணல்

அதிகாரியின் நாற்காலியைத் தாயம்மாவின் நெத்திலி மேல்தான் போட்டிருந்தார்கள்.

ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மேலே மணலைப் போட்டு மூடி, தென்னந்துடைப்பத்தால் வரிவரியாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

திருவொற்றியூருக்கு வடக்கே, கடலுக்கும் குடிசைகளுக்கும் நடுவே கிடந்த அந்த வெளியில்தான் குப்பத்துப் பெண்கள் அறுபது பேரும் மீன் காயவைப்பார்கள். கட்டுமரம் இறங்காத ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கருவாடுதான் சோறு.

போன மாதம் பக்கத்துக் குப்பத்தைச் சுகாதாரக் கேடு என்று எழுதிப் பிரித்துப் போட்டார்கள். இங்கேயும் அதிகாரி வருகிறார் என்றதும், குப்பத்துத் தலைவரான நாட்டார் பக்தவச்சலம் யோசித்தார். அவர் யோசித்தால் ஊர் மொத்தமும் வேலை செய்ய வேண்டும்.

காய்ந்த கருவாடு வண்டியேறி மாத்தூர்ப் பக்கம் போயிற்று. வலைகள் கோவிலுக்குள் போயின. பாதி காய்ந்தது மண்ணுக்குள் போயிற்று. நாற்றத்துக்குச் சாம்பிராணி.

பிறகு அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அதிகாரி போகிறவரை மீன் என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் ஊர் விலக்கு.

மீனைத் தவிர வேறொன்றும் அறியாத ஜனம், மீனையே அறியாத ஜனமாக வரிசையில் நின்றது.

நாட்டார் கோட்டு போட்டிருந்தார். ராயபுரத்தில் பாண்டு வாசிக்கிற லூயிஸிடம் இரவல் வாங்கியது. தோளில் ஜரிகைக் குஞ்சம் தொங்கியது.

அதிகாரி கடமை தவறாதவர். சுதந்திரம் வந்து ஏழு வருஷத்தில் பட்டணம் வடக்கே பெருகிவிட்டது, எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுவதே தம் வேலை என்று பத்து நிமிஷம் விளக்கினார். நாட்டார் மட்டும் தலையாட்டினார். அவருக்கும் புரியவில்லை.

இந்த மணலில் என்ன தொழில் நடக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

"இன்னா தொழிலு சார்? பெருக்கி வெச்சுகினு சும்மா பாத்துகினு இருப்போம்" என்றார் நாட்டார்.

அதிகாரி பக்கத்தில் நின்ற தாயம்மாவையும் கேட்டார். அவள் நாட்டாரைப் பார்த்தாள். காற்று வாங்க வருவதாகச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் காற்று வாங்கியதில்லை.

அதிகாரி எழுதினார். மூன்று பிரதி. குப்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் நாட்டார் ஒருவர்தான்; அதனாலேயே அவர் நாட்டார். மூன்றிலும் போட்டார். அடியில் கோடும் இழுத்தார்.

பேனாவை மூடிக்கொண்டு அதிகாரி எழுந்தார்.

"நல்லவேளை. மீன் காயவைக்கிற இடம்னா தொடக்கூடாதுன்னு போன வாரம்தான் மேலிடத்து உத்தரவு. இனிமே இங்கே ஃபாக்டரி கட்டத் தடையில்லை."

வரிசை அசையவில்லை. அதிகாரி இன்னும் போகவில்லையே.

தாயம்மா மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். இரண்டு கையாலும் தோண்டினாள். மண் ஒட்டிய நெத்திலியை அள்ளி அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சாமி, மீனு கீது. பாரு சாமி, மீனு."

பூமியைத் தோண்டி மீன் எடுக்கிற பெண்பிள்ளையை அதிகாரி அதுவரை பார்த்ததில்லை. நாட்டாரைத் திரும்பிப் பார்த்தார்.

நாட்டாருக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் கையெழுத்து அவருடையது.

புருஷனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து இவளுக்குப் புத்தி இப்படித்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அதிகாரி இரக்கப்பட்டார். நெத்திலியோடு நீட்டிய கையில் நாலணாவை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற அவள் புருஷன், ஜீப் கண்ணுக்கு மறைகிறவரை சத்தியத்தைக் காப்பாற்றினான்.