பதினோரு உத்தமர்கள்

"யாராவது கேட்டாங்களா? கழுத்துல கத்தி வெச்சுக் கேட்டாங்களா? ஃபாரத்துல இருக்கறது ஒரே ஒரு வரி. 'குற்ற வழக்கு எதிலும் தண்டனை பெற்றதில்லை.' கீழே கையெழுத்து. அவ்வளவுதான் வேலை! இவரு என்னடான்னா அந்த வரியை அடிச்சுட்டுப் பக்கத்துல கதை எழுதி வெச்சிருக்காரு!"

யத்விகா கத்திய கத்தலில் பீட்ரூட் சூப் பொங்கி வழிந்ததை அவளே கவனிக்கவில்லை.

அவள் கணவர் வித்தோல்ட் நிதானமாக ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்.

"நடந்ததைத்தானே எழுதினேன்."

"நடந்ததா! படிக்கறேன் கேளுங்க. 'மச்சினன் வீட்டு விருந்து. இரண்டு பீர். சைக்கிள். தண்டனையாகப் பள்ளிக்கூட வேலிக்கு நாற்பது மணி நேரம் பெயின்ட் அடித்தேன்.' என் தம்பி பேரை மட்டும் ஏன் விட்டீங்க? அதையும் போட்டா அவனும் பெருமைப்பட்டுப்பானே!"

அப்போதெல்லாம் போலந்தில் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினாலும் கிரிமினல் குற்றம். போலீஸ் நிறுத்தியபோது வித்தோல்ட் போன வேகத்துக்கு, பக்கத்தில் ஒரு வாத்து அவரை முந்திக்கொண்டிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு, ஊர் பார்க்கப் பச்சைப் பெயின்ட் அடித்தார்.

"ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தெரியாதா யத்விகா? பெயின்ட் அடிச்சப்ப நான் கையெழுத்துப் போட்ட வேலை அட்டையில தினமும் மணிக்கணக்கு சரிபார்த்ததே அவங்கதான்."

"ஊருக்கே தெரியும்! தாளுக்குத் தெரியக் கூடாது. ஊர்ல பாதி ஆம்பளைங்க அந்த வேலிக்குப் பெயின்ட் அடிச்சவங்கதான். இப்ப அதே ஸ்கூலைச் சூடாக்கற பாய்லரைப் பார்த்துக்கற வேலைக்கு அத்தனை பேரும் மனு போடறாங்க. எவனாவது இப்படி எழுதுவானா? இது கெடைக்கலேன்னா ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ராபெரி பறிக்கணும், ஞாபகம் இருக்கா? அம்பத்தொரு வயசுல, அந்த முதுகை வெச்சுக்கிட்டு!"

வித்தோல்ட் வேலை பார்த்த பால் தொழிற்சாலையை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதுகு அதற்கும் முன்னாலேயே மூடிவிட்டது.

வித்தோல்ட் ஃபாரத்தைக் கவரில் போட்டு ஒட்டி அவளிடமே நீட்டினார்.

"பேக்கரிக்குப் போறப்ப ஸ்கூல்ல குடுத்துடு."

மனைவியின் மேல் அத்தனை நம்பிக்கை.

யத்விகா பள்ளி ஆபீஸில் புது ஃபாரம் ஒன்று கேட்டு வாங்கினாள். வராந்தாவில் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, கணவரை அப்பழுக்கில்லாதவராக ஆக்கினாள். கீழே அவர் கையெழுத்தையும் போட்டாள். மின்சார ஆபீஸ் மனுவிலிருந்து மகனின் மார்க் அட்டை வரை இருபத்து நாலு வருஷமாகப் போட்டுப் பழகிய கை. அவரை விட நன்றாகவே வரும்.

பழைய ஃபாரம் நாலாகக் கிழிந்து பேக்கரிக் குப்பைத் தொட்டிக்குப் போனது. அந்தத் தொட்டி அவ்வளவு உண்மையை ஒரே நாளில் பார்த்திருக்காது.

வியாழக்கிழமை வித்தோல்டைப் பள்ளிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். யத்விகாவும் கூடவே கிளம்பினாள். காலர் சரியாக நிற்கிறதா என்று பார்க்கவாம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் குபியாக் ஃபாரங்களை மேஜை மேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார்.

"பதினோரு பேர். பதினோரு பேரும் தண்டனைன்னா என்னன்னே தெரியாத உத்தமர்கள். அப்ப என் வேலிக்கு மூணு தடவை பெயின்ட் அடிச்சது யாரு? தேவதைங்களா?"

யத்விகா சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை.

"சைக்கிளைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. பாய்லர் அழுத்தம் எவ்வளவுன்னு தினம் நோட்டுல எழுதணும். மேல நூத்தியெம்பது பிள்ளைங்க உக்காந்திருக்கும். இருக்கறதை இருக்கறபடி எழுதற ஒரு ஆள் போதும்னுதான் தேடினேன். நீங்களாவது எழுதுவீங்கன்னு நெனச்சேன், வித்தோல்ட்."

"மேடம், நான் எழு..."

"இருங்க." அவர் ஒரு ஃபாரத்தை முன்னால் தள்ளினார். "உங்க வேலை அட்டையில உங்க கையெழுத்தை நிறையப் பார்த்திருக்கேன். எதுவுமே இவ்வளவு அழகா இல்ல. அதனால கேக்கறேன். இது உங்களுதுதானா? இல்ல, வேற யாராவது போட்டதுன்னா சொல்லிடுங்க. வேலை உங்களுக்கு. ஆனா போட்டவங்களை நான் போலீஸ்ல சொல்லித்தான் ஆகணும். அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டா, பெயின்ட் அடிச்சு முடிக்கற கேஸ் இல்ல அது."

யத்விகா வித்தோல்டின் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வித்தோல்ட் அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை.

"என்னுதுதான் மேடம். நான்தான் எழுதினேன்."

"அப்படியா?"

"ஆமாம்."

ஹெட்மிஸ்ட்ரஸ் அந்தத் தாளையும் மற்றப் பத்தோடு சேர்த்து ஃபைலை மூடினார். "போயிட்டு வாங்க."

வெளியே வந்ததும் வித்தோல்ட் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். யத்விகா பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏங்க, சொல்லியிருக்கலாமே. என்னைக் காட்டிக் குடுத்திருந்தா வேலை உங்களுதுதானே..."

அவர் திரும்பவில்லை.

"நான் பண்ணினது தப்புதாங்க. கத்தவாவது கத்துங்க."

பேக்கரியும் தாண்டிப் போனது.

"ஒரே ஒரு வார்த்தை... திட்டுங்களேன்."